ஆளுக்குப் பத்து மூச்சு

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. இரண்டையும் சேர்த்துப் புகையைக் கண்டுபிடித்தது. அதன்பின் பல்லாயிரம் ஆண்டுகள் இருமிக்கொண்டே காத்திருந்தது. எதற்காக? எங்கள் நகர நிர்வாகத்தின் காற்று நலப் பிரிவுக்காக. இவ்வளவு பொறுமையான ஒரு காத்திருப்பு வரலாற்றில் வேறெங்கும் நடந்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பிரிவில் செய்திக் குறிப்பு எழுதுபவன் நான். பிரிவு எதைச் செய்தாலும் மறுநாள் நாளிதழ்களுக்கு அதைச் சொல்வது என் பொறுப்பு. எதுவும் செய்யாத நாட்களில் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வேன்.

எங்கள் அலுவலகம் நாற்சந்தியில் மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஆறு ஜன்னல்கள். ஆறையும் இறுக மூடி, இடுக்குகளில் பழுப்பு நாடா ஒட்டி வைத்திருக்கிறோம். திறந்தால் காற்று வந்துவிடும். எதிரே பெயின்ட் ஆலை. அதன் புகைபோக்கி காலையில் சாம்பல் நிறத்திலும், பத்தரைக்கு மேல் மஞ்சளாகவும், மாலையில் இளஞ்சிவப்பாகவும் புகை விடும். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தே நிறத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஆலைக்கு விளம்பரம் என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை.

சந்தியின் நடுவில் காற்றின் மாசு அளவைக் காட்டும் மின்பலகை ஒன்று உண்டு. காற்று நன்றாக இருந்தால் பச்சை, மோசமானால் சிவப்பு. எட்டு வருடமாகச் சிவப்பு. ஊருக்குப் புதிதாக வரும் ஓட்டுநர்கள் அதைச் சிக்னல் என்று நினைத்து வண்டியை நிறுத்திவிட்டு, பச்சை விழும் விழும் என்று நம்பிக்கையோடு உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் இயக்குநருக்குத் 'தீர்மானம்' என்று பெயர். பெற்றோர் வைத்ததல்ல, அலுவலகம் வைத்தது. ஒருமுறை கழிப்பறைக் குழாய் ஒழுகியபோது, "ஒழுகும் போக்கை இக்கூட்டம் வன்மையாகக் கண்டிக்கிறது" என்று தீர்மானம் போட்டார். ஒழுகல் நின்றது. அன்றிலிருந்து அந்தக் குழாயில் தண்ணீர் வருவதும் நின்றது.

அப்படிப்பட்டவர் ஒருநாள் ஏதோ ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தார். முகம் பளபளத்தது. அவசரக் கூட்டம் கூட்டினார்.

"எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்க. நம்ம ஊர்க் காத்தைச் சுத்தம் பண்ண வழி கிடைச்சாச்சு. பிளாஸ்மா!"

சபை வாய் பிளந்தது. தலைமை எழுத்தர் மட்டும் தைரியமாகக் கேட்டார். "பிளாஸ்மான்னா ரத்தத்துல இருக்குமே, அதுவா சார்?"

"அதேதான்" என்றார் தீர்மானம். தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

"எவ்வளவு வேணும் சார்?"

"முதல் கட்டமா ஒரு நாப்பது பாட்டில் போதும்."

காற்று நலப் பிரிவில் காற்றைப் பற்றிப் படித்தவர் ஒரே ஒருவர்தான். பெண் பொறியாளர். எப்படியோ தவறி எங்களிடம் வந்துவிட்டவர். அவர் எழுந்தார்.

"சார், அது வேற பிளாஸ்மா. இது மின்சாரம். மின்னல் வெட்டுது இல்லையா? அந்த மின்னலைப் பொடிப்பொடியா நறுக்கி ஒரு பெட்டிக்குள்ள போடறோம்னு வெச்சுக்கோங்க. ரெண்டு கம்பிக்கு நடுவுல காத்து ஊதா கலர்ல எரியும். அந்த வழியாப் போற புகை, கெட்ட வாடை எல்லாம் உடைஞ்சுபோகும்."

"அதைத்தான் நானும் சொன்னேன்" என்றார் தீர்மானம்.

ஆனால் கடிதம் அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டிருந்தது. எங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு சரியான கடிதம் போக மூன்று மாதம் ஆகும். தவறான கடிதம் அரை மணி நேரத்தில் போய்விடும்.

அது போய்ச் சேர்ந்த இடம் என் மனைவியின் மேசை. அவள் ஆஸ்பத்திரியில் மூச்சு நோய் வார்டின் தலைமைச் செவிலி. பொருள் 'காற்று' என்று இருந்ததால் கடிதத்தை அவளிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"ஏங்க, உங்க ஆபீஸ்ல யாருக்காவது பெரிசா அடிபட்டுடுச்சா?"

"இல்லையே."

"பின்ன எதுக்கு நாப்பது பாட்டில் பிளாஸ்மா? 'நாற்சந்தியில் பொதுமக்கள் மீது தெளிக்கும் பொருட்டு'ன்னு வேற எழுதியிருக்கு."

நான் பதில் தேடுவதற்குள் என் மாமனார் முந்திக்கொண்டார். முப்பத்தைந்து வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊர்ப்புகை முழுவதையும் நெஞ்சுக்குள் சேமித்து வைத்திருந்ததால், இரண்டு படி ஏறினாலே அவருக்கு இளைப்பு வந்துவிடும். மகள் சொல்வதில் பாதியை நம்புவார். மருமகன் எழுதுவதை முழுதாக நம்புவார்.

"மாப்பிள்ளை எழுதியிருக்காருன்னா அதுல ஒரு விஷயம் இருக்கும்மா. நீ சும்மா இரு" என்றார்.

நான் சும்மா இருந்தேன்.

ஒரு மாதத்தில் பெட்டி வந்தது. பீரோ மேல் பீரோ வைத்த உயரம். அதை நன்கொடையாகக் கொடுத்த வள்ளல் யார் என்றால், எதிரே உள்ள பெயின்ட் ஆலை முதலாளி. இனிமையான மனிதர். பூசி மெழுகுவது அவருக்குத் தொழில் மட்டுமல்ல, சுபாவமும்கூட. அந்த வகையில் அவரும் நானும் ஒரே துறை.

பெட்டியைக் கூட்ட அறைக்குள் நிறுத்தி, கதவைச் சாத்தி, ஒரு தகரத் தட்டில் ஈரச் சாக்குத் துண்டைக் கொளுத்தினார் பொறியாளர். அறை முழுக்கப் புகை. பக்கத்து நாற்காலிக்காரர் மறைந்தார். மேசை மறைந்தது. தீர்மானத்தின் குரல் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

"எல்லாரும் இருக்கீங்களா? இருக்கறவங்க கை தூக்குங்க."

"தூக்கியாச்சு சார்."

"தெரியலையே. வராதவங்களும் கை தூக்குங்க."

பொறியாளர் சுவிட்சைப் போட்டார். ஆயிரம் சுவர்க்கோழிகள் ஒன்றாகக் கத்துவதுபோல் ஒரு சத்தம். பெட்டிக்குள் ஊதா வெளிச்சம். இடிமழை ஓய்ந்ததும் வருமே, அப்படி ஒரு வாசனை. பத்தே நிமிடம். புகையைக் காணோம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தது. சிலருக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் நான் பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பெட்டி வேலை செய்தது. மூடிய அந்த அறைக்குள், என் கண்ணெதிரே, மிக அழகாக வேலை செய்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். பொறியாளர் தட்டவில்லை.

"சார், ஒரு விஷயம். இது ஒரு ரூம் அளவுக்குத்தான் தாங்கும். கொண்டுபோய்த் தெருவுல வெச்சீங்கன்னா யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதுவும் போக, இதுலேர்ந்து ஓசோன்னு ஒரு வாயு வரும். அதிகமாச்சுன்னா கண்ணு எரியும், நெஞ்சை அடைக்கும். இதையே ஆலையோட புகைபோக்கிக்குள்ள பொருத்தி, பின்னாடி ஒரு வடிகட்டியும் போட்டுட்டா, புகை வெளிய வர்றதுக்கு முன்னாடியே பிடிச்சுடலாம். கணக்குப் போட்டு வெச்சிருக்கேன், பாருங்க."

தீர்மானம் நீண்ட நேரம் யோசித்தார்.

"புகைபோக்கிக்குள்ள வெச்சா யார் கண்ணுக்கும்மா தெரியும்?"

"தெரியாது சார். ஆனா புகையும் தெரியாது."

"புகையும் தெரியாம, பெட்டியும் தெரியாமப் போச்சுன்னா, நாமதான் செஞ்சோம்னு எப்படி நிரூபிக்கிறது?"

சோதனையைப் பார்க்க வந்திருந்த முதலாளியும் உருக்கமாகக் குறுக்கிட்டார். "நான் இதை மக்களுக்காகக் குடுத்தேன் சார். என் புகைபோக்கிக்கு நானே வெச்சுக்கிட்டா அதுக்குப் பேர் சுயநலம்."

இவ்வளவு சுயநலமில்லாத ஒரு புகைபோக்கியை நான் அதற்குமுன் கண்டதில்லை. எல்லாவற்றையும், பொறியாளர் சொன்னது உட்பட ஒரு சொல் விடாமல், என் நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு நோட்டை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுச் செய்திக் குறிப்பை எழுதினேன். தலைப்பு: 'மூச்சுத் திணறலுக்கு முற்றுப்புள்ளி.'

பெட்டி நாற்சந்தியில் நிறுவப்பட்டது. திறப்பு விழா கோலாகலமாக நடந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பெட்டியில் ஒரு வாய் இருந்தது. அதற்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்தால் காற்று கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது. ஒன்றரைச் சாண் தள்ளினால் பெயின்ட் ஆலை. இதைக் கண்டுபிடித்த பஸ் பயணிகள் முகத்தை நீட்ட ஆரம்பித்தார்கள். முண்டியடித்தார்கள். இரண்டு கன்னங்கள் மோதிக்கொண்டதில் கைகலப்பு வரை போனது. உடனே பிரிவு தலையிட்டு ஒழுங்குபடுத்தியது. காற்று வாங்குவதற்கு முதலில் டோக்கன் வாங்க வேண்டும். ஆளுக்குப் பத்து மூச்சு.

எண்ணுவதற்கு ஒரு காவலர் நியமிக்கப்பட்டார். சதா ஊதிக்கொண்டே இருப்பதால் அவர் பெயரே 'விசில்' ஆகிவிட்டது. அவருடைய நியாயமான நடவடிக்கைகளை நானே நேரில் நின்று பார்த்திருக்கிறேன்.

"பத்து ஆச்சு. நகருங்க."

"ஏங்க, ஒம்பதுதான் ஆச்சு. நடுவுல ஒண்ணு கொட்டாவி."

"கொட்டாவியும் மூச்சுதான். சுற்றறிக்கையில இருக்கு, படிச்சுப் பாருங்க."

"அப்ப தும்மல்?"

"தும்மல் ரெண்டு மூச்சு. விக்கல் அரை."

இன்னொரு சிக்கலும் எழுந்தது. மக்கள் சுத்தமான காற்றை இழுத்துவிட்டு அதே இடத்தில் அசுத்தமான காற்றை வெளியே விடுகிறார்கள் என்று தலைமை எழுத்தர் கண்டுபிடித்தார். எனவே மூச்சை இழுப்பதற்கு இந்தப் பக்கம், விடுவதற்கு எதிர்ச்சாரி என்று இடம் ஒதுக்கப்பட்டது. கன்னம் உப்ப, கண் பிதுங்க, வாயை இறுக மூடிக்கொண்டு சாலையைக் கடக்கும் ஒரு நகரத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நாங்கள் பார்த்தோம். எங்கள் ஊரில் அவ்வளவு அமைதி அதற்குமுன் நிலவியதே இல்லை.

சிபாரிசுக் கடிதங்களும் வரத் தொடங்கின. 'இதைக் கொண்டுவரும் அன்பர் எனக்கு மிகவும் வேண்டியவர். இருபது மூச்சு கொடுத்து உதவவும்.' ஊரில் கல்யாணச் சம்பந்தம் பேசும்போதுகூட, "பையனுக்கு நாற்சந்தியில நல்ல செல்வாக்கு, நினைச்ச நேரம் மூச்சு விடுவான்" என்று சொன்னதாகக் கேள்வி.

என் மாமனார் தினமும் காலை எட்டு மணிக்கு முதல் டோக்கன் வாங்கினார். திரும்பி வரும்போது கண்கள் சிவந்து நீர் வழியும்.

"என்னப்பா கண்ணு இப்படி இருக்கு?" என்பாள் என் மனைவி.

"சுத்தமான காத்தும்மா. பழக்கமில்ல, அதான். மாப்பிள்ளைகூட எழுதியிருந்தாரே, ஆனந்தக் கண்ணீர்னு."

எழுதியிருந்தேன்தான். சந்தியில் நின்ற எல்லோர் கண்ணிலும் நீர் வந்தது. கேள்வி கேட்ட நாளிதழ்களுக்கு ஏதாவது ஒரு பதில் வேண்டியிருந்தது.

பொறியாளர் ஒரு கருவியோடு போய் மூன்று நாள் சந்தியில் நின்று அளந்துவிட்டு, நேராகத் தீர்மானத்தின் அறைக்கு வந்தார். அவருக்கும் கண் சிவந்திருந்தது.

"சார், ஓசோன் தாறுமாறா ஏறுது. பெட்டியை நிறுத்தணும். அதுலயும் இளைப்பு இருக்கறவங்க அதும் முன்னாடி நிக்கவே கூடாது."

"ஓசோன்னா, மேல வானத்துல ஓட்டை விழுந்திருக்குன்னு சொல்றாங்களே, அந்த ஓசோனா?"

"ஆமா சார், ஆனா…"

"அட! அப்ப நாம இங்கேர்ந்து தயாரிச்சு மேல அனுப்பறோம்! உலகத்து ஓட்டையை நம்ம நாற்சந்தி அடைக்குது!" என்று எழுந்தே விட்டார் தீர்மானம். என் பக்கம் திரும்பினார். "எழுதுங்க, எழுதுங்க."

எழுதினேன்.

ஆனால் ஒரே ஓர் எதிரி மட்டும் மசியவில்லை. மின்பலகை. அது அப்போதும் சிவப்பாகவே இருந்தது. தீர்மானம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஊழியர் எவரும் ஒரே இடத்தில் மூன்று ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி சொன்னது. பலகைக்குக் கணக்குச் சொல்லும் மாசு அளக்கும் கருவியோ எட்டு ஆண்டாக ஒரே கம்பத்தில் இருக்கிறது! அதை உடனே இடமாற்றம் செய்து ஆணை பிறந்தது. புதிய பணியிடம்: பெட்டியின் வாய்க்குள்.

"சார், இது ஜுரக்காரனோட தர்மாமீட்டரைத் தண்ணிப் பானைக்குள்ள போடற வேலை" என்றார் பொறியாளர்.

"ஜுரம் இறங்கிச்சா இல்லையாம்மா?"

இறங்கியது. பலகை பச்சைக்கு மாறியது. எட்டு வருடத்தில் முதல் பச்சை. அதைப் பார்த்த ஓட்டுநர்கள் நான்கு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்ப, சந்தியின் நடுவில் நான்கு பஸ்கள் மூக்கோடு மூக்கு உரசி நின்றன. முன்னேற்றத்தின் வேகம் என்று அதைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன்.

மறுநாள் பொறியாளருக்கும் இடமாற்றம் வந்தது. மரக் கணக்கெடுப்புப் பிரிவுக்கு. நகரில் மொத்தம் பதினொரு மரங்கள். முதல் நாளே மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எண்ணி முடித்துவிட்டாராம். போகும்போது என் மேசையருகே நின்றார்.

"சார், அன்னிக்கு நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கிட்டீங்களே, அந்த நோட்டு இருக்கா?"

"பத்திரமா இருக்கு மேடம்."

"உங்க மாமனாரை வரிசையில பாத்தேன். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறார். நீங்களாவது சொல்லுங்க."

"சொல்றேன் மேடம்" என்றேன். அன்று மாலை வீட்டுக்குப் போனேன். மாமனார் என்னுடைய குறிப்பு வந்த நாளிதழை விரித்து வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பெருமையாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் போய் எப்படிச் சொல்வது? பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கைகால் கழுவப் போய்விட்டேன்.

பச்சைப் பலகையின் நற்பலன் விரைவில் தெரிந்தது. பலகை சிவப்பாக உள்ள பகுதியில் புதிய புகைபோக்கிக்கு அனுமதி கிடையாது என்று ஒரு சட்டம் இருந்தது. இப்போதுதான் பச்சையாயிற்றே. முதலாளி இரண்டாவது புகைபோக்கிக்கு விண்ணப்பம் போட்டார். மக்களின் கருத்தைக் கேட்க எங்கள் கட்டடத்தின் முதல் மாடி மண்டபத்தில் கூட்டம் கூட்டப்பட்டது. கேட்பதற்குத்தான் கூட்டம். கேட்டபடி செய்வதற்கு வேறு கூட்டம் வேண்டும், அது இன்னும் கூட்டப்படவில்லை.

மேடையில் தீர்மானம், முதலாளி, ஓரத்தில் நான். விண்ணப்பத்தோடு இணைத்த சான்று என்ன தெரியுமா? நான் எழுதிய குறிப்புகள். முப்பத்திரண்டு குறிப்புகளையும் வரிசையாக நூல் கோத்துக் கட்டியிருந்தார்கள். என் எழுத்தைப் புத்தகமாகப் பார்த்தது அதுவே முதல் முறை. உள்ளூரக் கொஞ்சம் குளிர்ந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அப்போது கூட்டத்துக்குள் செவிலி உடுப்போடு ஒரு பெண் எழுந்தாள். என் மனைவி. வார்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள்.

"நான் மூச்சு வார்டு நர்ஸ். போன வருஷம் இந்த நாற்சந்திப் பக்கத்துலேர்ந்து மாசத்துக்குப் பதினெட்டு பேர் மூச்சு முட்டி வந்தாங்க. போன மாசம் நாப்பத்தியொரு பேர். இதுக்கு என்ன சொல்றீங்க?"

தீர்மானம் புன்னகைத்தார். "ரொம்ப நல்ல அறிகுறிம்மா. முன்னெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வரக்கூடத் தெம்பில்லாமக் கிடந்தவங்க. இப்போ சுத்தமான காத்து உள்ள போகுது, தெம்பா நடந்து வர்றாங்க."

கைதட்டல் எழுந்தது. அவள் உட்காரவில்லை. நூல் கோத்த கட்டை மேசையிலிருந்து எடுத்தாள். பக்கங்களைப் புரட்டினாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

"இதை எழுதினவர் இங்கதான் உக்காந்திருக்கார். அவரையே கேக்கறேன். இதுல எது நிஜம்?"

இடது பக்கம் தீர்மானம் என்னைப் பார்த்தார். எதிரே என் மனைவி என்னைப் பார்த்தாள். கடைசி வரிசையில் பொறியாளரும் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். இழுப்பறைச் சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. மேலே இரண்டு மாடி ஏறினால் நோட்டு. நான் எழுந்தேன்.

"தேதி" என்றேன். "தேதியெல்லாம் சரியா இருக்கு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தீர்மானமும் சிரித்தார். முதலாளி என் முதுகில் தட்டினார். 'குறிப்புகள் சரியானவை என எழுதியவரே சபையில் உறுதி செய்தார்' என்று நடவடிக்கைக் குறிப்பில் பதிவாயிற்று. அவள் மட்டும் சிரிக்கவில்லை. கட்டை அது இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு வீட்டில் எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்தவர் மாமனார்தான்.

"விடுங்க மாப்பிள்ளை. அவளுக்கு ஆஸ்பத்திரி புத்தி. யாரைப் பார்த்தாலும் நோயாளியாத்தான் தெரியும்."

இரண்டாவது புகைபோக்கி ஆறே வாரத்தில் எழும்பியது. 'இரட்டைப் புகைபோக்கி, இரட்டிப்புத் தூய்மை' என்று எழுதினேன். அந்தக் குறிப்பு நாளிதழில் வந்த காலை, வானம் பத்தரைக்குக் காத்திராமல் ஒரு பக்கம் மஞ்சளாகவும் ஒரு பக்கம் பச்சையாகவும் இருந்தது. பார்க்கப் பண்டிகை மாதிரி இருந்தது. ஒன்பது மணிக்கு விசில் மூச்சிரைக்க என் மேசைக்கு ஓடி வந்தார்.

"சார், உங்க மாமா…"

"என்னாச்சு?"

"இன்னிக்கு டபுள் டோக்கன் வாங்கினார் சார். குறிப்பு எழுதறவரோட மாமனார்னு சொன்னார், நானும் இருபது குடுத்தேன். பதினாலாவது மூச்சுல விழுந்துட்டார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு." கொஞ்சம் தயங்கினார். "மீதி ஆறு மூச்சு இருக்கு சார். வாரிசு பேருக்கு மாத்திக்கலாம். சுற்றறிக்கையில இருக்கு."

ஓடினேன். படி இறங்கும்போதே கைபேசி அடித்தது. தீர்மானம்.

"கேள்விப்பட்டேன். மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஆனா பாருங்க, இதப்பத்தி வெளியில மட்டும் மூச்சு விட்டுடாதீங்க."

நாற்சந்தியைக் கடக்கும் வரையில் நான் மூச்சு விடவில்லை. விடவும் முடியவில்லை.

வார்டில் நாற்பது கட்டில்கள். நாற்பதிலும் ஆட்கள். தரையிலும் பாய் விரித்திருந்தார்கள். பல முகங்கள் எனக்குப் பழக்கமானவை. கன்னத்தை உப்பிக்கொண்டு சாலையைக் கடந்தவர்கள். கொட்டாவிக்காக வாதாடியவர்கூட மூலைக் கட்டிலில் இருந்தார். மாமனாரின் மூக்கிலும் வாயிலும் மாஸ்க் பொருத்தி, என் மனைவி அவர் நெஞ்சில் கை வைத்தபடி நின்றிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

அவர் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டிருந்தாள். பையிலிருந்து எடுத்தவை மேசை மேல் கிடந்தன. மூக்குக் கண்ணாடி. டோக்கன். அப்புறம் நாலாய் மடித்த நாளிதழ்த் துணுக்குகள், ஒரு கட்டு. எல்லாம் நான் எழுதியவை. மடிப்புகள் கிழியாமலிருக்க உட்பக்கம் ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தார்.

என்னைக் கண்டதும் மாமனார் மாஸ்க்கை விலக்கினார். மகள் தடுத்தும் கேட்கவில்லை.

"மாப்பிள்ளை… மெஷின்ல ஒண்ணும்… கோளாறு வந்துடலையே? நான்தான்… சரியா… இழுக்கத் தெரியாம…"

"பேசாதீங்க மாமா" என்றேன். முப்பத்து மூன்று குறிப்பு எழுதியவனுக்கு ஒரு வரி வரவில்லை.

என் மனைவி மாஸ்க்கைத் திரும்பப் பொருத்தினாள். பட்டையைச் சரிசெய்தாள். அவள் குரல் உயரவேயில்லை.

"அந்தப் பொறியாளர் இப்பதான் வந்துட்டுப் போனாங்க. முதல் நாளே எல்லாத்தையும் சொன்னாங்களாமே. இளைப்பு இருக்கறவங்க கிட்டக்கவே போகக் கூடாதுன்னும் சொன்னாங்களாமே. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அப்பலேர்ந்தே."

அவள் தலையாட்டினாள். கட்டில் தலைமாட்டில் மாட்டியிருந்த அட்டையை எடுத்து, நோயாளி விவரப் படிவத்தை நிரப்பத் தொடங்கினாள். வயது. தொழில். உயரம். எடை. 'நோய்க்கான காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றது. தூசு, புகையிலை, பரம்பரை, பிற என்று நான்கு கட்டங்கள். முதல் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான்காவதில் டிக் அடித்தாள். பக்கத்தில் விவரம் எழுத விட்டிருந்த கோட்டில் ஒரே ஒரு சொல்லை எழுதி, அட்டையையும் பேனாவையும் என்னிடம் நீட்டினாள்.

"உறவினர் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடணும்."

படித்தேன்.

'மருமகன்.'

எழுத்துப் பிழை எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.